முடியவில்லை என்பதும் முடியாது என்பதும்

அன்புள்ள ஐயா,

"மனசுல படமா ஓடுற எதுவும் நடக்கக்கூடியதுதாம்மா" என்று சாதிக்கிறான் என் மகன். வயது பதினான்கு. நாம் பார்ப்பதோ நடந்ததை மட்டும்தான். நடக்கக்கூடியதையும், வேறு மாதிரி இருக்கவே முடியாததையும் எப்படி அறிகிறோம்?

வாசகி, தெம்பனிஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் பெரிய இடத்துக் கட்சிதான் பேசுகிறான். மனம் தெளிவாக எண்ணிப் பார்ப்பது இருக்கவும் கூடும் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் வாதிட்டார்.

நடந்தது நடக்கக்கூடியது என்பதில் சிக்கலே இல்லை. நம் சிங்கப்பூர் பீச் ரோட்டில் இன்று கடலைக் காணோம். ஒரு காலத்தில் அந்தச் சாலையோரம்தான் கரை. தூர்க்கத் தூர்க்கக் கடல் விலகிப்போனது. அங்கே அலை அடித்திருக்க முடியுமா என்று எவரும் கற்பனை செய்து பார்க்க வேண்டியதில்லை.

கற்பனை மட்டுமே கையில் இருக்கும்போதுதான் வழுக்குகிறது. 2ஐவிடப் பெரிய இரட்டை எண் எதுவானாலும் அது இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்பது 1742இல் கணித அறிஞர் கோல்ட்பாக் எழுப்பிய ஊகம். இன்றுவரை நிரூபணம் இல்லை. அது சரி என்றும் நான் எண்ணிப் பார்க்கிறேன், தவறு என்றும் எண்ணிப் பார்க்கிறேன். இரண்டும் மனதுக்குள் தாராளமாக நுழைகின்றன. ஆனால் இரண்டில் ஒன்று எக்காலத்திலும் நடக்கவே முடியாதது.

சென்ற மாதம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் பேத்தியிடம் 13 சோழிகளைக் கொடுத்தேன். ஒற்றை வரிசை கூடாது. எல்லா வரிசையிலும் சமமாக அடுக்க வேண்டும். இரண்டு வரிசை வைத்தாள், ஒன்று மிஞ்சியது. மூன்று வைத்தாள், ஒன்று மிஞ்சியது. நான்கிலும் அப்படியே. "முடியல தாத்தா" என்றாள். ஐந்தாவது வரிசையைத் தொடங்கியவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். "அஞ்சு வரிசைன்னா ஒண்ணொண்ணுலயும் ரெண்டுக்கு மேல வராது. பக்கத்துலேருந்து பார்த்தா அது ரெண்டு வரிசைதானே? அதைத்தான் பார்த்துட்டோமே. முடியாது தாத்தா."

முடியலைக்கும் முடியாதுக்கும் நடுவே அவள் புதிதாக எதையும் அடுக்கவில்லை. வரிசை என்றால் என்னவென்று பிடிபட்டுவிட்டது, அவ்வளவுதான். பொருளின் இயல்பு பிடிபடும்போதுதான் அதன் எல்லையும் தெரிகிறது என்பதே என் எண்ணம்.

மகனிடம் 13 சோழிகளைச் செவ்வகமாக மனதில் அடுக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு செவ்வகம் கட்டாயம் வரும். அதை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.