முதல் ஆர்க்கிட்டாக எதை வாங்கலாம்?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். கூடத்தின் கிழக்கு ஜன்னலில் காலை பத்து மணி வரை வெயில் விழுகிறது. இதுவரை ஆர்க்கிட் வளர்த்ததில்லை. நர்சரியில் ஃபெலனாப்சிஸ்தான் எளிது என்கிறார்கள். அதையே வாங்கலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: ஃபெலனாப்சிஸ் எளிய செடிதான், ஆனால் அது எளிது என்பவர்கள் வளர்ப்பதைப் பற்றிச் சொல்கிறார்களே தவிர, மறுபடி பூக்கவைப்பதைப் பற்றிச் சொல்வதில்லை. அகன்ற இலைகள் கொண்ட அந்தச் செடி நேரடி வெயில் படாத வீட்டுக்குள்ளும் நன்றாக வாழும். பூத்தால் இரண்டு மூன்று மாதங்கள் பூ நிற்கும். ஆனால் அடுத்த பூந்தண்டு விட அதற்குச் சில வாரங்களாவது குளிர்ச்சி வேண்டும். வெப்பநிலை தொடர்ந்து 28 டிகிரிக்கு மேல் இருந்தால் இலை மட்டுமே விட்டுக்கொண்டிருக்கும். சென்னைப் பகுதியில் மார்கழி, தை மாதங்களை நம்பியோ, ஏ.சி. அறையை நம்பியோதான் அதை வாங்க வேண்டும்.

உங்கள் ஜன்னலுக்கு நான் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையின் கலப்பினங்களையே சொல்வேன். ஊதாவும் வெள்ளையும் கலந்த ‘சோனியா’ வகையைப் பூங்கொத்துகளில் பார்த்திருப்பீர்கள். கேரளத்தில் அதை வணிகரீதியாகப் பயிரிடுகிறார்கள். நம் கடற்கரைப் பகுதியின் வெக்கை அதற்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் பூக்காது என்பதால், ஜன்னலை ஒட்டியே வைக்க வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்றும், மஞ்சள் பாய்ந்தால் வெயில் மிகுதி என்றும் கொள்ளலாம். இலை உதிர்ந்த பழைய தண்டுகளைக் காய்ந்தவை என்று நினைத்துப் பலர் வெட்டிவிடுகிறார்கள். செடி தன் நீரையும் உணவையும் சேமித்து வைத்திருப்பது அவற்றில்தான், சில சமயம் அவற்றிலிருந்தே மீண்டும் பூக்கவும் செய்யும்.

எந்த வகையானாலும் தோட்ட மண் கூடாது. இவை மரக்கிளைகளைப் பற்றி வளரும் இனங்கள் ஆதலால், வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். மரக்கரித் துண்டுகள், உடைத்த ஓடு, தேங்காய் மட்டைத் துண்டுகள் ஆகியவற்றைக் கலந்து, நிறையத் துளைகள் உள்ள தொட்டியில் நடுங்கள். வேர் வெள்ளிபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். ‘வாரம் ஒருமுறை’ என்ற கணக்கு கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது. ஊற்றுவது காலையில் இருக்கட்டும். ஃபெலனாப்சிஸானால் இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அழுகிவிடும். உப்பு மிகுந்த போர்வெல் நீர் வேர்நுனிகளைக் கருக்குவதால், மழைநீரோ ஆர்.ஓ. நீரோ நல்லது. உரம், பொட்டலத்தில் எழுதியுள்ள அளவில் கால் பங்கு போதும்.

வாண்டா என்ற ஆர்க்கிட் வகையின் நீலத்தைக் கண்டு மயங்காதீர்கள்: தொங்கும் வேர்களைத் தினமும் நனைக்க வேண்டும், வெயிலும் ஏராளமாக வேண்டும். குளிர் வேண்டும் சிம்பிடியம் வகை ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு உரியது.

கேள்வி: கொல்லிமலைக்குப் போனபோது மரங்களில் ஆர்க்கிட்டுகளைப் பார்த்தேன். ஒன்றைக் கொண்டுவந்து வீட்டில் வளர்க்கலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: கூடாது. காப்புக்காட்டிலிருந்து செடியை எடுப்பது சட்டப்படி குற்றம். மலையின் குளிர்ச்சிக்கும் பனிக்கும் பழகிய செடி நாமக்கல் வெயிலில் நிலைப்பதும் அரிது. காட்டு இனங்களைப் பார்க்க விரும்பினால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வளர்ப்பதற்கு, திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய கலப்பினச் செடிகளை நர்சரியில் கேட்டு வாங்குங்கள்.