ஓர் உறையில் இரண்டு கத்தி

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எழுத்தாளர் எமர்சனைப் பற்றி நீங்கள் எழுதியதில், அவர் பாஸ்டனில் ஒரு யூனிடேரியன் (திரித்துவத்தை ஏற்காமல், கடவுள் ஒருவரே என்று சொல்லும் கிறிஸ்தவப் பிரிவு) சபையில் இளைய போதகராக இருந்தார் என்று ஒரு வரி வருகிறது. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். எங்கள் பக்கம் ஐயருக்கும் (சபையின் மூத்த போதகரை அப்படித்தான் சொல்வோம்) உதவி குருவுக்கும் ஒத்துப்போகாவிட்டால் பேராயர் ஒருவரை மாற்றிவிடுவார், கதை முடிந்தது. யூனிடேரியன்களுக்குப் பேராயரே கிடையாதாமே. அப்புறம் எப்படி ஓர் உறையில் இரண்டு கத்தியை வைத்தார்கள்?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்க யூனிடேரியன்களுக்குப் பேராயர் இல்லை என்பது சரிதான். போதகரை அழைப்பதும் அனுப்புவதும் சபையின் கையில். இன்றும் அமெரிக்காவில் இணைப் போதகர் என்றால் சபை கூடி வாக்களித்து அழைத்தவர். உதவிப் போதகர் பெரும்பாலும் நிர்வாகக் குழு வேலைக்கு வைத்தவர். பெயரில்தான் சின்ன வித்தியாசம், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய வித்தியாசம்.

எமர்சன் உங்கள் கேள்விக்கு நல்ல உதாரணம் இல்லை. 1829 மார்ச்சில் மூத்த போதகர் ஹென்றி வேருக்கு இளையவராகச் சேர்ந்தார். வேருக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரமே ஹார்வர்டுக்குப் பேராசிரியராகப் போய்விட்டார். சேர்ந்து வேலை செய்ததே கொஞ்சம்தான். ஆனால் ஒரு கதை சொல்வார்கள். சாகக் கிடந்த பழைய போர்வீரர் ஒருவரைப் பார்க்கப் போன எமர்சன், என்ன பேசுவதென்று தெரியாமல், மேசையில் இருந்த மருந்துப் புட்டிகளைப் பார்த்து, கண்ணாடி செய்யும் விதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாராம். கிழவர், தொழில் தெரியாவிட்டால் வீட்டுக்குப் போ தம்பி என்றாராம். நடந்ததோ இல்லையோ, வீடு சந்திப்பு என்றால் என்னவென்று இதைவிட நன்றாக யாரும் சொல்லவில்லை.

நீங்கள் பார்க்கவேண்டிய ஜோடி அதே ஊரின் ஃபெடரல் தெரு சபையில் இருந்தது. வில்லியம் எல்லெரி சானிங் 1803-லிருந்து அங்கே தனியாகப் போதகர். ஊரே அறிந்த பேச்சாளர், உடம்புதான் எப்போதும் பலவீனம். 1824 ஜூனில் எஸ்ரா ஸ்டைல்ஸ் கானட் இளையவராக அபிஷேகம் பெற்றார், வயது 23. அந்த அபிஷேகத்தில் பிரசங்கம் செய்தவரே சானிங்தான். அதோடு நிற்கவில்லை. வேலை குறையக் குறையத் தன் சம்பளத்திலும் படிப்படியாக ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார். மேடையில் இளையவரைப் புகழ்வது யாராலும் முடியும், பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் கஷ்டம்.

ஆனால் புகழை அப்படிப் பங்குபோட முடியவில்லை. சானிங் கோடைக்காலத்தை ரோட் தீவில் கழிப்பார், சபையின் அன்றாட வேலை கானட் தலையில். சானிங் ஏறுவார் என்று நினைத்து வந்து உட்கார்ந்தவர்கள், இளையவர் படியேறுவதைக் கண்டபோது முகம் எப்படிப் போயிருக்கும்! கானட் அதைக் கவனிக்காத ஆள் இல்லை. தன்னைத் தானே திட்டிக்கொண்டு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே இருந்தார். 1836-இல் முற்றிலும் நொடிந்துபோனார். ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், திரும்ப ஏறக்குறைய இரண்டு வருடம் ஆயிற்று. 1839-இல் பக்கவாதம். அதன்பின் இரண்டு கைத்தடிகளோடுதான் நடை. என்னைக் கேட்டால் சானிங்குக்கு இதில் பொறுப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல மனிதர்தான். நல்ல மனிதரின் நிழலில் நிற்பதுதான் ரொம்பக் கஷ்டம், கோபப்படக்கூட வழியில்லை.

அடிமைமுறை விஷயத்திலும் இருவருக்கும் ஒரே மனம் இல்லை. சானிங் அதை எதிர்த்து நூல் எழுதினார், கானட்டுக்கோ ஒழிப்புக்காரர்களின் வேகம் ஒப்பவில்லை. யார் பஞ்சாயத்து செய்தார்கள் என்பதுதானே உங்கள் கேள்வி? 1840 ஜனவரியில் ஒழிப்புக்காரரான சார்லஸ் ஃபாலன் கப்பல் தீயில் இறந்தார். நினைவுக்கூட்டத்துக்குக் கோயிலைக் கொடுக்கலாம் என்றார் சானிங். நிர்வாகக் குழு முடியாது என்றுவிட்டது. முப்பத்தேழு வருடம் போதகர், அவருக்கே அந்தப் பதில்.

இத்தனைக்கும் 1842-இல் சானிங் இறக்கும்வரை, பதினெட்டு வருடம், இருவரும் பிரியவில்லை. அந்த 1840-லேயே கானட்டுக்கு ஒரு மகன் பிறந்தான். வில்லியம் சானிங் என்று பெயர் வைத்தார். பின்னாளில் அவரும் போதகரானார், அப்பாவின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். நாட்குறிப்பில் இருந்த அந்தப் புலம்பலெல்லாம் நம் கைக்கு வந்தது பெரும்பாலும் அந்த மகன் வழியாகத்தான்.