நைட் ஷிப்ட், தூக்கமின்மை, மனநலச் செயலி: ஒரு தாதியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: திருச்சியிலிருந்து வந்து சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கிறேன். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். நைட் முடிந்து வந்தால் உடம்பு அசந்து கிடக்கிறது, ஆனால் தூக்கம் வருவதில்லை. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறது. மருத்துவமனையில் மனநலச் செயலி ஒன்றுக்கு இலவசக் குறியீடு அனுப்பியிருக்கிறார்கள். அதில் நான் எழுதுவதை வார்டு மேனேஜர் பார்ப்பாரா? வேலை அனுமதி புதுப்பிக்கும்போது சிக்கல் வருமா? இந்தச் செயலிகள் உண்மையில் பலன் தருமா?

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் பேசிவிடலாம். அது தீராமல் எந்தச் செயலியைத் திறந்தாலும் நீங்கள் அதில் உண்மையை எழுதப் போவதில்லை.

முதலாளி பணம் கட்டித் தரும் செயலிகளில் வழக்கமான ஏற்பாடு இதுதான்: நீங்கள் எழுதுவது செயலி நிறுவனத்திடம் இருக்கும், மருத்துவமனைக்கு மொத்தக் கணக்கு மட்டும் போகும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் ஆலோசகரிடம் பேசினார்கள் என்பது போல. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு வார்டு வாரியாகப் போனால்? பதினைந்து பேர் உள்ள வார்டில் இருவர் ஆலோசனை கேட்டார்கள் என்று வந்தால், யார் என்று ஊகிக்க ஒரு டீ நேரம் போதும். அதனால் மனிதவளப் பிரிவிடம் இதைக் கேளுங்கள்: அறிக்கை எந்த அளவில் பிரித்து வருகிறது, எத்தனை பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கணக்கைக் காட்டமாட்டார்கள்? உங்கள் பெயரில் கேட்கத் தயக்கமா, தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் சங்கம் வழியாகக் கேட்கலாம். நேரான பதில் வந்தால் தாராளமாகச் சேருங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அந்தக் குறியீட்டை விட்டுவிடுங்கள், வேறு வழி இருக்கிறது.

சேருவதானால் சொந்த மின்னஞ்சல், சொந்தக் கைப்பேசி. மருத்துவமனை முகவரி வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறது, கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தியது, யாருக்குக் கொடுத்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும்.

வேலை அனுமதி விஷயம்: எந்தச் செயலி வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வி புதுப்பிப்பு விண்ணப்பத்தில் கிடையாது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது, அந்த வேலைக்குத் தேவை என்றால் ஒழிய, மனநல விவரம் கேட்கக்கூடாது என்று 2020 முதலே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்பு வழிகாட்டுதல் சொல்கிறது. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டமும், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் மனநலப் பாதிப்பைச் சேர்த்திருக்கிறது.

உண்மையில் எனக்கு அதிகக் கவலை தருவது முதலாளி தரும் செயலி அல்ல, விளம்பரத்தைப் பார்த்து நாமாக இறக்கிக்கொள்வதுதான். இணையவழி ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனாளர்களின் உடல்நலத் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மொசில்லா அறக்கட்டளை மனநலம், பிரார்த்தனை தொடர்பான 32 செயலிகளை அலசி, 28க்குத் தனியுரிமை எச்சரிக்கை ஒட்டியது.

சொன்ன வேறு வழி இதுதான்: மைண்ட்லைன். சுகாதார அமைச்சின் சுகாதாரப் பராமரிப்பு உருமாற்ற அலுவலகம் 2020இல் தொடங்கிய இணையத்தளம். பெயரும் வேண்டாம், சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளக் கணக்கும் வேண்டாம். சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் உங்கள் நிலைக்கேற்ற பயிற்சிகளைக் காட்டும். அடையாளம் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருப்பவர்களை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன்.

சரி, பலன் தருமா? ஸ்பெயினில் கோவிட் காலத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கென்றே ஒரு செயலி செய்து, 482 பேரை இரு குழுவாகப் பிரித்து இரண்டு வாரம் சோதித்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் இரு குழுவுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே மனநல மருந்தோ உளவியல் சிகிச்சையோ எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. எனக்கு இந்த முடிவு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் விளம்பரங்கள் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறது. ஆளிடம் போகத் தயங்குபவருக்கு மாற்றாகத்தான் செயலியை விற்கிறார்கள். அதுவோ ஆளிடம் போய்க்கொண்டிருப்பவருக்குத்தான் கைகொடுத்திருக்கிறது.

இன்னொன்று, யாரும் தொடர்ந்து பயன்படுத்துவதில்லை. 93 மனநலச் செயலிகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், இறக்கியவர்களில் 15ஆம் நாள் திறந்து பார்த்தவர்கள் சுமார் 4 சதவீதம்தான். ஆகவே பாதியில் விட்டுவிட்டேனே என்று குற்றவுணர்ச்சி வேண்டாம்.

இனி தூக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தால் எரிச்சலுக்கு முன்னால் தூக்கம்தான் கெட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. செயலி உருப்படியாக உதவக்கூடிய இடமும் இதுதான். தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று ஒரு முறை உண்டு. மாத்திரை இல்லாமல், தூங்கும் பழக்கத்தையும் தூக்கத்தைப் பற்றிய பதற்றத்தையும் மாற்றுவது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை செய்த இன்சோம்னியா கோச் செயலி இந்த முறையைப் பின்பற்றுகிறது, இலவசம், விளம்பரமும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். இந்த முறை, தினமும் ஒரே நேரத்தில் எழுந்திரு என்று சொல்லும். உங்கள் பணிப்பட்டியலில் அது நடக்காது. படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்துத் தூக்கத்தை இறுக்கும் பயிற்சி ஒன்றும் அதில் உண்டு. அது முதல் சில நாள் பகலில் மந்தமாக்கும். இன்சுலின் அளவு பார்க்கிறவர், மருந்துப் பம்ப் வேகம் வைக்கிறவர் அதைத் தனியாகச் செய்யக்கூடாது, மருத்துவர் மேற்பார்வையில்தான். செயலியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது தூக்கக் குறிப்பேடு மட்டும். காலை, பிற்பகல், நைட் என்று மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் எந்த ஷிப்டுக்குப் பிறகு தூக்கம் உடைகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் நைட்டிலிருந்து காலை ஷிப்டுக்குத் திரும்பும் நாட்கள்தான். மாற்றிக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்கப் போகும்போது அந்தக் குறிப்பு கையில் இருக்கட்டும்.

மற்றதெல்லாம் செயலி இல்லாமலே ஆகும். நைட் முடிந்து எம்ஆர்டி ரயில் ஏறுமுன் கறுப்புக் கண்ணாடி போடுங்கள், காலை வெயில் மூளையை எழுப்பிவிடும். அறைக்குத் தடித்த திரைச்சீலை. கைப்பேசியில் தொந்தரவு செய்யாதே அமைப்பு. ஊரிலிருந்து வரும் அழைப்புதான் இதில் பெரிய வில்லன். அங்கே அம்மா காலை எட்டரைக்கு, பிள்ளை வேலை முடிந்து வந்திருப்பாள் என்று அழைப்பார். இங்கே அப்போது பதினொரு மணி, நீங்கள் ஆழ்ந்து தூங்க வேண்டிய நேரம். நைட் இருக்கும் வாரத்தில் மாலை நான்கு மணிக்கு நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மூச்சுப்பயிற்சியை வீட்டில் செயலி வைத்துக் கற்றுக்கொள்ளலாம்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. பழகிவிட்டால் வார்டில் கைப்பேசியைத் தொடவே வேண்டாம்.

எரிச்சலுக்கு வருவோம். வேலைச்சுமையால் வரும் ஓய்ந்துபோதலை உலகச் சுகாதார நிறுவனம் நோயாக அல்ல, பணியிடம் சார்ந்த நிலையாகத்தான் பட்டியலிட்டிருக்கிறது. ஆள் பற்றாக்குறையையும் நோயாளியின் உறவினர் திட்டுவதையும் தியானம் சரிசெய்யாது. 2023இல் வெளியான முத்தரப்புப் பணிக்குழுவின் அறிக்கை, கருத்துச் சொன்ன சுகாதாரப் பணியாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் மேல் கடந்த ஓராண்டில் வசையையோ தொல்லையையோ அனுபவித்திருக்கிறார்கள் அல்லது பார்த்திருக்கிறார்கள் என்றது. அப்படி நடந்தால் சம்பவ அறிக்கை எழுதுங்கள். செயலியின் நாட்குறிப்பில் எழுதி ஆறிப்போக விடாதீர்கள். அந்த நாட்குறிப்பில் நோயாளியின் பெயர், படுக்கை எண், நோய் எதுவும் வரக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். செயலி நிலைக்கும் என்றும் நம்ப வேண்டாம். பிரபலமாக இருந்த வோபாட் என்ற மனநல உரையாடல் செயலி 2025 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது.

விடுப்பு நாளிலும் மனம் எழவில்லை, ஊருக்குப் போயும் எதிலும் ஆசையில்லை, இது இரண்டு வாரம் நீடிக்கிறது என்றால் அது ஓய்ந்துபோதலைத் தாண்டியது. பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நீங்களே நோயாளிகளுக்குக் கொடுத்திருக்கலாம். 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்குப் பதில் 'இல்லை' அல்லாத எதுவானாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். அன்றே பேசுங்கள்: தேசிய மைண்ட்லைன் 1771, சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767, மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. மூன்றும் 24 மணி நேரமும் இயங்கும்.

சக ஊழியர் கண்ணில் படக்கூடாது என்றால், பொது மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் நடத்துபவை மூன்று குழுமங்கள். உங்களுடையது அல்லாத குழுமத்தின் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். வேலை அனுமதியில் இருப்பவருக்குக் கட்டணச் சலுகை கிடைக்காது. ஆகவே உங்கள் மருத்துவக் காப்புறுதியில் மனநல ஆலோசனை சேர்ந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், தூக்கக் குறிப்பேட்டைத் திறந்து மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள்.