சவண்டலையும் மூன்று ஏக்கர் தேக்கும்

அன்புள்ள அண்ணா,

தம்பலகாமத்தில் அப்பாவின் 3 ஏக்கர் மேட்டுக்காணி சும்மா கிடக்கிறது. தேக்கு நட்டால் 15 வருடத்தில் கோடீஸ்வரன் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். இலங்கையில் ஏறத்தாழ 30 சதவீதம் காடு, ஆனாலும் மலேசியாவிலிருந்து பலகை இறக்குகிறோம். நம்மிடம் மரம் வளர்த்து விற்கிற தொழில் ஏன் வளரவில்லை? நான் நடலாமா?

ஒரு வாசகர், மூதூர்

தம்பி,

நடலாம். ஆனால் அந்த 15 வருடக் கதையை மறந்துவிடு. போன மாதம் ஒரு மரக்காலையில் நின்றபோது இளம் தேக்குக் குற்றி ஒன்று அறுபட்டுக் கிடந்தது. நடுவில் நாலு விரல் அகலத்துக்குத்தான் வைரம், சுற்றிலும் வெள்ளை, அதைக் கறையான் விட்டுவைக்காது. பக்கத்தில் இடித்த வீடு ஒன்றின் முதிரை மரக் கதவுநிலை. வெளியே சாம்பல் பிடித்திருந்தது; ஆசாரி சீவுளியை ஒரு இழுப்பு இழுத்தார், உள்ளே மஞ்சள், பட்டுச் சேலை மாதிரி அலை ஓடியது. அவர் வேறொன்றும் சொல்லவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை.

அந்த 30 சதவீதத்தைப் பலகைக் கணக்கில் சேர்க்காதே. 1990இலிருந்து இயற்கைக் காடுகளில் வணிகத்துக்கு மரம் தறிக்கத் தடை. சரியான தடைதான், மேலே காடு போனால் கந்தளாய்க் குளத்தில் சேறு நிரம்பும், அந்தத் தண்ணீரில்தானே உங்கள் ஊர் வயல் விளைகிறது. உள்ளூரில் அறுபடும் மரத்தில் பெரும் பங்கு வீட்டு வளவுகளிலிருந்தும் தென்னை, றப்பர் தோட்டங்களிலிருந்தும் வருகிறது. ஆக, நீ கேட்கிற தொழில் காட்டுக்குள் இல்லை, உன் வேலிக்குள் இருக்கிறது.

நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு மரம் இருக்கிறது, தெரியுமா? சிங்களத்தில் ஹல்மில்ல, நம்மவர்கள் சவண்டலை என்பார்கள். வெள்ளைக்காரன் அதைத் திருகோணமலை மரம் என்றே விற்றான். சென்னைக் கரையில் அலை தாண்டும் மசூலா படகுக்கும், சாராயப் பீப்பாய்க்கும் அதுதான் போனது. இன்றைக்கு எத்தனை வளவில் அது நிற்கிறது? தேக்கு நம்முடையதே இல்லை, ஒல்லாந்தர் காலத்தில் வந்தது.

சரி, ஏன் வளரவில்லை என்றால், மண்ணிலும் மழையிலும் குறை சொல்ல மாட்டேன், குறை காகிதத்தில். முதிரை முற்ற ஒரு ஆயுள் வேண்டும், தேக்குக்கே முப்பது வருடம் போல வேண்டும், அவ்வளவு காலத்துக்கு இந்தக் காணி யாருடையது என்று தெரியாதவன் ஏன் நடுவான்? யுத்தத்தில் விட்டுப்போன சேனைப் பயிர் நிலங்கள் பற்றை மண்டிக் காடாகி, ஆட்கள் திரும்பி வந்தபோது வன இலாகாவின் எல்லைக்கல் நின்ற கதை இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் நிறைய. என் கதையைக் கேள்: என் வேலியில் நின்ற ஆறு தேக்கைத் தறித்து ஏற்ற பேமிட்டுக்காக ஒரு அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன், காணி உறுதிப் பத்திரம் இன்னும் அம்மம்மா பெயரில் இருந்ததால். கடைசியில் ஒரு வியாபாரி, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பாதி விலைக்குக் கேட்டான். கள்ள மரம் ஓடுகிற வழியும் அதுதான், நேர்வழியில் போகிறவனுக்குத்தான் அலைச்சல்.

ஆகவே முதலில் உறுதியை உன் பெயருக்கு மாற்று. பிறகு மூன்று ஏக்கரையும் தேக்காலேயே நிரப்பாதே, தேக்கின் கீழ் வேறொன்றும் லேசில் வராது, பெரிய இலையிலிருந்து சொட்டும் மழை வெறும் மண்ணை அரித்துவிடும். வேலியோரம் தேக்கு, உள்ளே கஜு என்கிற முந்திரி, இடையிடையே வேம்பும் முதிரையும். கஜு சில வருடத்தில் கை கொடுக்கும். கார்த்திகை மழையில் நடு, முதல் இரண்டு வருடம் மாடும் ஆடும் வராமல் பார். கச்சான் காற்று எழும்ப முன்னம் வேலியைச் சுற்றி ஆறடிக்குச் சருகைக் கூட்டி அகற்றி, நெருப்பு தாண்டாதபடி இடைவெளி விடு. யூடியூப்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

சவண்டலைக் கன்று எங்காவது கண்டால் எனக்கும் இரண்டு எடுத்து வை, வந்து வாங்கிக்கொள்கிறேன்.