லாகின் என்னும் சொல்லில் ஒரு மரக்கட்டை

அன்புள்ள ஐயா,

அலுவலகக் கணினியில் நாள்தோறும் ‘லாகின்’ செய்கிறேன். வாயிற்காவலரிடம் ‘லாக் புக்’ இருக்கிறது. அகராதியைப் பார்த்தால் ‘லாக்’ என்பதற்கு மரக்கட்டை என்றே முதற்பொருள் தரப்பட்டுள்ளது. இவையெல்லாம் ஒரே சொல்தானா? அல்லது, கணக்கில் வரும் ‘லாகரிதம்’ இதற்கு மூலமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

லாகரிதம் என்பது கணித அறிஞர் ஜான் நேப்பியர் கிரேக்க வேர்களைக் கொண்டு ஆக்கிய சொல். அதற்கும் இதற்கும் உறவில்லை. நீங்கள் கேட்கும் ‘லாக்’ மரக்கட்டையேதான்.

கரை கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலில் கப்பலின் வேகத்தை அறிய, ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறத்திலிருந்து நீரில் எறிந்தார்கள். வில்லியம் போர்ன் என்னும் ஆங்கிலேயர் 1574இல் வெளியிட்ட கடற்பயணக் கையேட்டில் இம்முறையை விளக்கியிருக்கிறார். பின்னாளில் அக்கட்டை கால்வட்ட வடிவப் பலகையாக மாறியது. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பதால் அது நீரில் நிமிர்ந்து நின்று, ஏறத்தாழ விழுந்த இடத்திலேயே தங்கிவிட, கப்பல் முன்னேற முன்னேற உருளையிலிருந்து கயிறு அவிழ்ந்துகொண்டே போகும். 28 நொடி மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் கயிற்றில் சம இடைவெளியில் போட்ட முடிச்சுகளில் எத்தனை கையைக் கடந்தன என்று எண்ணுவார்கள்.

முடிச்சுகளுக்கிடையே 47 அடி 3 அங்குலம் விட்டதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 28 நொடி எத்தனையாவது பங்கோ, ஏறத்தாழ அதே பங்குதான் ஒரு கடல் மைலில் இந்த நீளம். ஆகவே ஏழு முடிச்சு என்றால் மணிக்கு ஏழு கடல் மைல். பெருக்கவோ வகுக்கவோ வேண்டியதில்லை. கணக்கறியாத மாலுமியும் பிழையின்றி அளக்கும்படி இதை அமைத்தவர்களை எண்ணி நான் வியக்காத நாளில்லை. விமானிகள் இன்றும் வேகத்தை ‘நாட்’ என்னும் அலகில், அதாவது முடிச்சுகளில்தான் சொல்கிறார்கள்.

இவ்வாறு அளந்த வேகத்தையும், கப்பல் சென்ற திசையையும், காற்றின் நிலையையும் பலகையில் சுண்ணக்கட்டியால் குறித்துவைத்து, பிறகு ஓர் ஏட்டில் படியெடுத்தார்கள். அந்த ஏடே ‘லாக் புக்’. நாளடைவில் ஏட்டையும், அதில் எழுதுவதையும்கூட ‘லாக்’ என்றே சொல்லலாயினர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.), பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்துவதற்காக உருவான சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் ‘லாகின்’, அதாவது உள்ளே வருவதைப் பதிவுசெய்தல், ஓர் ஆணையாக இருந்தது. இணையத்தில் எழுதும் பதிவேட்டைக் குறிக்க 1997இல் தோன்றிய ‘வெப்லாக்’ என்னும் சொல் 1999இல் ‘பிளாக்’ எனச் சுருங்கியது.

தமிழில் ‘புகுபதிகை’, ‘வலைப்பதிவு’ என்று ஆக்கியவர்கள் கட்டையை விட்டுவிட்டுப் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்; அது சரியான முடிவென்றே கருதுகிறேன்.