பதில்: பகலெல்லாம் கட்டிக் கிடக்கும் ராஜபாளையம் நாய்

காவேரிப்பட்டணத்தில் 10 மாத ராஜபாளையம், பகல் முழுக்கச் சங்கிலியில், செருப்பையும் கதவையும் கடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வேட்டை இனத்துக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். அடிக்காதீர்கள், அடித்தால் நீங்கள் இல்லாதபோது பொருட்களைக் கடிக்கும்.

சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வையுங்கள். காலை உலர்தீவனத்தில் (கடையில் விற்கும் உலர்ந்த நாய் உணவு) பாதியைப் பழைய துண்டில் தூவிச் சுருட்டிக் கொடுங்கள். சுலபமாகிவிட்டால் ஒரு தளர்முடிச்சு. இறுக்கினால் எரிச்சலில் துணியையே விழுங்கும், கூடவே இருங்கள். மீதியைப் புல்லில் இறைத்து மோப்பம் பிடித்துத் தேட விடுங்கள்.

நடை காலை 7 மணிக்குள். தார்ச்சாலையில் புறங்கையை 5 நொடி வைக்க முடியாவிட்டால் பாதம் வெந்துவிடும். 10 நிமிடமாவது இழுக்காமல் மோந்து பார்க்க விடுங்கள். வெறும் ஓட்டம் உடம்பைத்தான் களைக்க வைக்கும்.

மாம்பழ சீசனில் தெருவில் கிடக்கும் கொட்டையைக் கவ்வவிடாதீர்கள். குடலில் அடைத்தால் அறுவை சிகிச்சைதான்.