டிக்கியில் ஒரு குண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

குமாரபாளையத்தில் நண்பர்கள் சேர்ந்து ஒரு த்ரில்லர் குறும்படம் எடுக்கிறோம். தறிப்பட்டறையில் நைட் ஷிப்டில் கதை தொடங்குகிறது. முதல் 2 நிமிடத்துக்கு இருட்டு, சிவப்பு எழுத்தில் டைட்டில், அதிர வைக்கும் பிஜிஎம் எல்லாம் போட்டோம். பார்த்த ஒருவருக்கும் பதற்றம் வரவில்லை. எங்கே குறை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் அனுப்பியதை இரண்டு தடவை பார்த்தேன். பயப்படு பயப்படு என்று இசை சொல்கிறது, எதைப் பார்த்துப் பயப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) முதல் ஷாட்டைப் பாருங்கள். அமெரிக்க மெக்சிகோ எல்லையில் ஓர் ஊர், இரவு. ஒருவன் டைம்பாமில் நேரத்தைத் திருகுகிறான், ஓடிப்போய் ஒரு காரின் டிக்கியில் வைக்கிறான், ஒரு பணக்காரரும் ஒரு பெண்ணும் வந்து ஏறிக் கிளம்புகிறார்கள். ஷாட்டின் தொடக்கத்திலிருந்து 3 நிமிடத்துக்கும் மேல் கட்டே கிடையாது. கேமரா கிரேனில் ஏறிக் கூரைகளைத் தாண்டி இறங்குகிறது, டிராபிக் போலீஸ் காரை நிறுத்துகிறார், ஆட்டு மந்தை குறுக்கே வருகிறது, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி காருக்குப் பக்கத்திலேயே நடந்து போகிறது. சோதனைச் சாவடியில் அந்தப் பெண், தலைக்குள் டிக் டிக் என்று கேட்கிறது என்கிறாள். காவலர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

படம் வெளிவந்தபோது யுனிவர்சல் ஸ்டுடியோ இந்த ஷாட்டின் மேலேயே டைட்டிலை ஓட்டி, ஹென்றி மான்சினியின் இசையைச் சேர்த்திருந்தது. அந்த போங்கோ தாளம் எனக்கு இப்போதும் பிடிக்கும், ஆனால் பெயர்களைப் படிக்கிற கண் காரைத் தவறவிடுகிறது. வெல்ஸ் 1957-லேயே ஸ்டுடியோவுக்கு 58 பக்கத்தில் தன் திருத்தங்களை எழுதிக் கொடுத்திருந்தார். அதை வைத்து 1998-இல் வால்டர் மர்ச் படத்தை மறுபடி எடிட் செய்தபோது அந்த டைட்டிலும் போயிற்று, இசையும் போயிற்று. மிஞ்சியது தெருதான்: ஒவ்வொரு பார் வாசலிலும் ஒரு பாட்டு, காலடிகள், ஆடுகள், அப்புறம் அந்தக் காரின் ரேடியோ. கார் ஃபிரேமை விட்டுப் போனாலும் ரேடியோ தூரத்தில் மெலிதாகக் கேட்கிறது, நெருங்க நெருங்கக் கூடுகிறது, குண்டு இப்போது எங்கே என்று நம் காது தானாகத் தேட ஆரம்பித்துவிடுகிறது. பழைய பதிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இதில் தேடிக்கொண்டே இருந்தேன்.

டைட்டிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 'சைக்கோ'வில் (1960) டைட்டில் வடிவமைத்த சால் பாஸின் கோடுகள் பெயர்களை வெட்டிக்கொண்டு ஓட, பெர்னார்ட் ஹெர்மனின் தந்தி வாத்தியங்கள் விரட்டும். அங்கே எழுத்தைத் தவிரப் பார்க்க வேறெதுவும் இல்லை, அதனால் கண் எதையும் இழப்பதில்லை.

சரி, உங்களிடம் தறி இருக்கிறது. பட்டறை முழுக்க ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, ஒரு தறி நின்றால் மட்டும் ஓட்டுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்தச் சத்தத்தை ஏன் பிஜிஎம் போட்டு மூடினீர்கள்? டைட்டிலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆபத்து எது என்பதை முதல் ஃபிரேமிலேயே காட்டிவிட்டு, தறிகளை மட்டும் ஓட விடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக நிற்கட்டும். எடிட் முடிந்ததும் அனுப்புங்கள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கிறேன்.